சின்னக் கால்களின் வேகம்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா தீவில், கிரேடில் மலையை ஒட்டிய மேட்டுநிலத்தில் கிச்சன் ஹட் என்றொரு சிறிய மரக்குடில் நிற்கிறது. அதற்குக் கதவு இரண்டு. ஒன்று எல்லா வீட்டுக்கும் உள்ளதுபோல் தரைமட்டத்தில் இருக்கிறது. மற்றது மேலே, பரணுக்கு நேராக. பனி கொட்டிக் கீழ்க்கதவு புதைந்துபோனால் மேல்கதவு வழியாக உள்ளே நுழைய வேண்டும். வெயில் தோலைச் சுடும் டிசம்பரில் இதைக் கடக்கும் குடும்பங்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதுண்டு. இங்கே எந்த மாதத்திலும் பனி பெய்யலாம் என்று தெரிந்த வழிகாட்டி மட்டும், குழுவிலேயே சிறிய பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

இந்தக் குடிலைத் தொட்டுச் செல்வது ஓவர்லேண்ட் ட்ராக். ரானி க்ரீக்கில் தொடங்கித் தெற்கே செயின்ட் கிளேர் ஏரியின் தலைமாடு வரை சுமார் 65 கிலோமீட்டர். வழக்கமாக ஆறு நாள் நடை. அக்டோபர் முதல் மே வரை முன்பதிவு இல்லாமல் நடக்க முடியாது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. எல்லோரும் வடக்கிலிருந்து தெற்காகவே நடக்க வேண்டும். 2005இல் வந்த ஏற்பாடு இது. கூடாரமும் அடுப்பும் சுமந்து தனியாகப் போகிறவர்களும் உண்டு, வழிகாட்டிகளோடு போகிறவர்களும் உண்டு. வழிகாட்டிக் குழுக்களுக்கென்று வழியில் தனியார் குடில்கள் இருப்பதால் படுக்கையும் சமைத்த சாப்பாடும் அங்கே கிடைத்துவிடும். முதுகுப்பையின் எடை குறையும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது பெரிய சலுகை.

ஆனால் வழிகாட்டியின் வேலை சாப்பாடு போடுவதோடு முடிவதில்லை. அவர் ஆறு நாளும் இரண்டு கணக்குகளைப் பார்த்தபடி நடக்கிறார். ஓர் உடலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது ஒன்று. மிதித்த இடம் எவ்வளவு மெதுவாகத் தேறுகிறது என்பது மற்றொன்று. இந்த மலைநாட்டில் முதலாவது நிமிடங்களில் நடக்கும். இரண்டாவதற்குப் பல தலைமுறைகள் ஆகும்.

முதலில் நடையின் இயற்பியல். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, உடல் அதன்மேல் ஒரு வில்வளைவாக முன்னேறுகிறது. அடுத்த கால் அதை ஏந்திக்கொள்கிறது. இந்த வளைவைத் தீர்மானிப்பவை கால்நீளமும் புவியீர்ப்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு நீர் தரும் தடையை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடின் பெயரால் அழைக்கப்படும் ஓர் எண், இன்று மனிதர்களின் நடைக்கும் விலங்குகளின் நடைக்கும் அளவுகோலாக இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தைக் கால்நீளத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். அது 0.5ஐ நெருங்கும்போது நடை ஓட்டமாக மாறத் தொடங்குகிறது. 90 சென்டிமீட்டர் கால் கொண்ட அப்பாவுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டரில் வரும். 60 சென்டிமீட்டர் கால் கொண்ட மகளுக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டியதுமே வந்துவிடும். சமதளத்தில் அப்பா மணிக்கு 5 கிலோமீட்டர் சுகமாக நடந்தால், அதே சுகத்தோடு மகளால் 4 கிலோமீட்டர்தான் நடக்க முடியும்.

இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் சோம்பலால் வருவதில்லை. கடைசியில் வரும் பிள்ளை அவ்வப்போது ஓடி ஓடிச் சேர்ந்துகொள்கிறது. பெரியவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, பிள்ளை வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அனுபவமுள்ள வழிகாட்டிகள் இதனால்தான் மிக மெதுவாக நடப்பவரைத் தமக்கு அடுத்தபடியாக, வரிசையின் முன்னால் நிறுத்துகிறார்கள். வழிகாட்டிகள் இருவர் என்றால் ஒருவர் முன்னால், மற்றவர் வரிசையின் கடைசியில். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு சூத்திரம் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். திடகாத்திரமான பெரியவர்களுக்கான கணக்கு அது. வேர் பின்னிய சேற்றுப்பாதையில், எட்டுப் பத்து வயதுப் பிள்ளையோடு, அது பொருந்துவதேயில்லை.

முதல்நாள் மேரியன்ஸ் லுக்அவுட் ஏற்றம்தான் பாதை முழுவதிலும் கடினமான ஏற்றம். கடைசிப் பகுதியில் சங்கிலியைப் பிடித்து ஏறுகிறார்கள். ஏறி நின்றால் கீழே டவ் ஏரியும் எதிரே 1545 மீட்டர் உயரக் கிரேடில் மலையும் தெரியும். அங்கே மேற்கிலிருந்து வந்து முகத்தில் அறையும் காற்றுக்கு ஒரு நீண்ட பயணக்கதை இருக்கிறது. தென் அட்சரேகை 40க்கும் 50க்கும் இடையே மேற்குக் காற்று ஓயாமல் வீசுகிறது. டாஸ்மேனியாவிலிருந்து அதே அட்சரேகையில் நேர் மேற்கே போனால் தென் அமெரிக்கா வரை குறுக்கே நிலமே கிடையாது. அத்தனை கடலையும் தாண்டி வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்தத் தீவின் மேற்கு மலைகள்மீது. கிரேடில் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை.

இங்கேதான் வெப்பக் கணக்கு தொடங்குகிறது. 70 கிலோ எடையுள்ள பெரியவரின் தோல் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். 25 கிலோ எடையுள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடையால் வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோவுக்குப் பிள்ளையிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தோல் இருக்கிறது. வெப்பத்தை உண்டாக்குவது உடலின் திசு, வெளியே விடுவது தோல். ஆகவே ஒரே காற்றில், ஒரே மழையில், பிள்ளைதான் முதலில் குளிர்ந்துபோகும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த பருத்திச் சட்டை உடலை ஒட்டிக்கொண்டு அதைத்தான் செய்யும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம் என்று வழிகாட்டிகள் புறப்படும் முன்பே பைகளைப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தைக்கூட வெளிவிடும்.

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். அது 35க்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதை ஹைப்போதெர்மியா என்பார்கள். முதலில் நடுக்கம் வரும். தசைகள் தாமாகச் சுருங்கி விரிந்து, ஓய்வுநிலையைப்போல் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும் ஏற்பாடு அது. அதற்கு எரிபொருள் வேண்டும். மதிய உணவுக்குக் காத்திராமல், பாதாம், உலர்திராட்சை, சாக்லேட் கலந்த பொட்டலத்தைப் பிள்ளைகளின் கோட்டுப் பையிலேயே வைத்து விடுகிறார்கள். ஆஸ்திரேலிய நடையாளர்கள் இந்தக் கலவையை ஸ்க்ரோகின் என்கிறார்கள். நடுக்கத்தைவிட வழிகாட்டிகள் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. காலையிலிருந்து வாயோயாமல் பேசிவந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிடும். கால் இடறும். கையுறை கழன்றதைக் கவனிக்காது. குளிர்கிறதா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லும், ஏனென்றால் குளிர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குத் தன் நிலையைக் கணிக்கும் திறனும் மங்குகிறது. அந்த இடத்திலேயே குழு நிற்க வேண்டும். ஈர உடையை மாற்றி, காற்று படாமல் போர்த்தி, இனிப்பாகச் சூடான எதையாவது குடிக்கத் தர வேண்டும்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 1965 மே மாதத்தில் ஒரு பள்ளிக் குழு கிரேடில் மலையில் பனிப்புயலில் சிக்கியது. ஒரு மாணவனும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். ராட்வே ஏரிக்கரையில் உள்ள ஸ்காட்–கில்வெர்ட் குடில் அவர்கள் நினைவாகக் கட்டப்பட்டது.

இனி இரண்டாவது கணக்கு. தொடக்கத்தில் எல்லோரையும் நிறுத்திக் காலணிகளைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். அடிப்பாகத்தில் ஒட்டிய கொஞ்சம் மண் போதும். செடிகளின் வேரை அழுகவைக்கும் ஃபைட்டோஃப்தோராவும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் அதில் வந்துவிடலாம். பிறகு பலகைப் பாதை தொடங்குகிறது. பாதங்கள் நனையாதிருக்கப் போட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் பலகை மண்ணுக்காகப் போடப்பட்டது. பட்டன்கிராஸ் என்னும் கோரைப்புல் குடும்பத்துச் செடி மண்டிய இந்தச் சதுப்புவெளிகளில், அடியில் இருப்பது பீட் மண். குளிரிலும் நீர்த்தேக்கத்திலும் முழுதாக மக்காத செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டானது. பல காலணிகள் ஒரே தடத்தில் மிதித்தால் அது கூழாகிவிடும். அடுத்து வருபவர் கூழைத் தவிர்க்க ஓரமாக நடப்பார், பாதை அகலமாகும், மழை அதை அரித்துப் போகும். பிள்ளைகளுக்குச் சேற்றில் இறங்கிக் குதிக்க ஆசைதான். பலகையைவிட்டு இறங்காதே என்பது கண்டிப்புக்காகச் சொல்லும் விதி அல்ல.

கழிப்பறைக் கழிவுகூட இங்கே மண்ணுக்குள் விடப்படுவதில்லை. குடில்களின் கழிவு மூடிய தொட்டிகளில் சேர்க்கப்பட்டு ஹெலிகாப்டரில் வெளியே கொண்டுபோகப்படுகிறது. குளிர்ந்த மண்ணில் அது மக்குவதற்குப் பிடிக்கும் காலம் அவ்வளவு.

இந்த நிலத்தின் எலும்பு டொலரைட். கிரேடில், பார்ன் பிளஃப், தீவின் உச்சியான 1617 மீட்டர் ஆசா மலை எல்லாம் அந்தக் கரும்பாறைத் தொப்பி அணிந்தவை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கியபோது, உருகிய பாறைக்குழம்பு பழைய மணற்கல் அடுக்குகளுக்கிடையே பலகைபலகையாகப் புகுந்து, நிலத்தடியிலேயே மெதுவாகக் குளிர்ந்தது. குளிரும்போது சுருங்கியது; வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதுபோல் பல கோணங்களில் வெடித்தது; வெடிப்புகள் ஆழமாக இறங்கி நெட்டைத் தூண்களாயின. மேலிருந்த மூடி அரித்துப்போக, தூண்கள் வெளியே வந்தன. இதே காலத்து டொலரைட் அண்டார்டிகா மலைத்தொடர்களிலும் கிடக்கிறது. அதைவிடப் பழைய பெர்மியன் காலத்தில் வாழ்ந்த குளோசோப்டெரிஸ் மரங்களின் இலைத்தடங்கள் டாஸ்மேனியாவிலும் கிடைக்கின்றன, வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையிலும் கிடைக்கின்றன. இந்தியாவும் அன்று அந்தப் பெருங்கண்டத்தின் ஒரு துண்டுதான்.

அந்தப் பெருங்கண்டத்தின் வாரிசு ஒன்று இன்றும் சரிவுகளில் நிற்கிறது. ஃபேகஸ் என்று உள்ளூரில் சொல்லும் நோத்தோஃபேகஸ் கன்னி, குளிர்ப்பகுதியில் வளர்ந்து குளிர்காலத்துக்கு முன் இலை உதிர்க்கும் ஒரே ஆஸ்திரேலிய மண்ணின் மரம். ஏப்ரல் கடைசியில் மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் செம்மையுமாகும். அதன் உறவு மரங்கள் சிலியிலும் நியூசிலாந்திலும் வளர்கின்றன. அண்டார்டிகாவில் புதைபடிவமாகக் கிடைக்கின்றன. பக்கத்திலேயே பாண்டானி நிற்கும். காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றித் தொங்கவிட்டு, 12 மீட்டர் வரை வளரும் இது பார்ப்பதற்குத் தாழைபோல் இருந்தாலும், நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரானின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊட்டிப் பக்கம் இந்தத் தீவுக்கு இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. நீலகிரித் தைலம் காய்ச்சும் யூகலிப்டஸ், டாஸ்மேனியாவின் தாழ்நிலக் காடுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட நீலப் பசை மரம்.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னால் காதில் விழாது. அவர்களைப் பிடித்து நிறுத்துவது வோம்பாட்டின் புழுக்கை. பருத்து, குட்டைக் காலோடு புல் மேயும் இந்தப் பைப்பாலூட்டி, கனசதுர வடிவத்தில் கழிவு போடுகிறது. அதைக் கல்லின்மேலும் விழுந்த மரத்தின்மேலும் அடையாளமாக வைத்துவிட்டுப் போகிறது. வட்டக் குடலிலிருந்து சதுரம் எப்படி வரும்? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் பாட்ரிசியா யாங்கும் டேவிட் ஹூவும் டாஸ்மேனிய ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். சாலை விபத்துக்குள்ளான வோம்பாட்டுகளின் குடலை அவர்கள் பரிசோதித்தபோது, சுற்றுச்சுவர் எல்லா இடத்திலும் ஒரே விறைப்பாக இல்லை என்று தெரிந்தது. விறைத்த பகுதி வேகமாகவும் நெகிழ்ந்த பகுதி மெதுவாகவும் சுருங்குகின்றன. நீர் உறிஞ்சப்பட்டு உலர்ந்துவரும் கழிவு, குடலின் கடைசிப் பகுதியில் ஆயிரக்கணக்கான சுருக்கங்களில் மூலை பெறுகிறது. 2019இல் இந்த ஆய்வுக்கு இக் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த ஒரு கேள்வி பத்து வயதுப் பிள்ளையை இரண்டு கிலோமீட்டர் களைப்புத் தெரியாமல் நடத்திவிடும் என்பதை வழிகாட்டிகள் நன்றாகவே அறிவார்கள்.

உயிரினங்களில் கவனம் வேண்டியவையும் உண்டு. டாஸ்மேனியாவில் மூன்றே வகைப் பாம்புகள்; மூன்றும் நஞ்சுள்ளவை. கடித்தால் கட்டுப்போட்டு, அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் உதவிக்குக் காத்திருக்க வேண்டும். இறுக்கக் கட்டு முறையை 1970களில் மெல்போர்னில் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் வகுத்தார். துள்ளிக் குதிக்கும் ஜாக் ஜம்பர் எறும்பு அளவில் சிறியது, ஆனால் டாஸ்மேனிய மக்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு அதன் கொடுக்கு கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. வழிகாட்டியின் மருந்துப்பையில் அட்ரினலின் ஊசிக்கு இடம் உண்டு. கருப்பு கரவாங் பறவையோ ஆபத்தில்லாத திருடன். முதுகுப்பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கக் கற்றுக்கொண்டது. பையை வெளியே விட்டுவிட்டு மலையுச்சிக்குப் போகிறவர்கள் மழையுறையை இறுகப் போர்த்திவிட்டுத்தான் போக வேண்டும்.

பிள்ளைகளோடு இந்த மலைநாட்டில் நடந்தவர்களில் இன்றைய நடையாளர்கள் மிகப் புதியவர்கள். பழங்குடி மக்கள் இந்தத் தீவில் வாழத் தொடங்கி 40,000 ஆண்டுகளாகிறது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோதும் அவர்கள் தென்மேற்குப் பள்ளத்தாக்குகளைவிட்டுப் போகவில்லை. ஃபிராங்க்ளின் ஆற்றோரக் குட்டிக்கினா குகையில் அவர்களுடைய கல்கருவிகளும் அடுப்புச் சாம்பலும் வேட்டையாடிய வல்லபி என்னும் சிறு கங்காருக்களின் எலும்பும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. திறந்த பட்டன்கிராஸ் வெளிகள் பலவும் அவர்கள் திட்டமிட்டு வைத்த சிறுதீயால் காடாகாமல் காக்கப்பட்டவை. குடியேற்றக் காலத்தின் வன்முறை அவர்களை இந்த நிலத்திலிருந்து துரத்தியது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் தீவில் வாழ்கிறார்கள். செயின்ட் கிளேர் ஏரிக்கு லீயவுலீனா என்ற அவர்களுடைய பெயரும் வழங்குகிறது.

ஆஸ்திரியாவில் பிறந்த குஸ்டாவ் வைன்டார்ஃபரும் அவர் மனைவி கேட்டும் 1910இல் கிரேடில் உச்சியில் நின்றார்கள். செடிகளைத் தேடிக் காட்டில் அலைவதில் இருவருக்கும் ஈடுபாடு. இந்த இடம் எல்லா மக்களுக்கும் பூங்காவாக வேண்டும் என்று அவர் அன்று முதல் பாடுபட்டார். 1912இல் வால்ட்ஹைம் என்னும் விருந்தினர் விடுதியைக் கிங் பில்லி பைன் மரத்தால் கட்டி, வருகிறவர்களை மலைக்கு அழைத்துப்போனார். 1922இல் நிலம் காப்பிடமானது. இன்றுள்ள முழுப்பாதையை 1930களின் தொடக்கத்தில் அடையாளமிட்டவர் பொறிவைத்து விலங்கு பிடித்துப் பிழைத்த பெர்ட் நிகோல்ஸ். பாதையின் கடைசிக்கு முந்தைய குடில் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

வைன்டார்ஃபர் வெட்டிய அந்த மரத்தை இன்று யாரும் தொட முடியாது. கிங் பில்லி பைனும் அதன் தம்பி பென்சில் பைனும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. யூகலிப்டஸ் எரிந்தால் பட்டைக்கடியிலிருந்து துளிர்க்கும். இவை எரிந்தால் அவ்வளவுதான், விதையும் தூரம் பரவுவதில்லை. 2016 ஜனவரியில் மழையில்லா மின்னல்கள் மத்திய மேட்டுநிலத்தில் தீ மூட்டி, நூற்றாண்டுகள் நின்ற பென்சில் பைன்களைக் கொன்றன. கோடை வறண்டு வருகிற காலத்தில் இந்த இழப்பு முழுத் தீவின் கவலை. பூங்காவில் விறகுத் தீ மூட்டவே அனுமதியில்லை. கையடக்க அடுப்பு மட்டும்தான். பிள்ளைகளுக்கு இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதை மறுக்கிற வழிகாட்டி காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் மறுநாள் ஒவ்வொரு பைனையும் எண்ணிக்கொண்டு வருவார்கள்.

மூன்றாம் நாள் வின்டர்மியர் குடிலிலிருந்து பீலியன் குடில் வரை ஏறக்குறைய 17 கிலோமீட்டர், பாதையின் மிக நீண்ட நாள். முதல்நாள் இறக்கத்தின் வலியும் அன்றைக்குத்தான் உச்சத்தைத் தொடும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அதனால் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் வலி கூடுகிறது. ஒருமுறை இந்தச் சேதத்திலிருந்து மீண்ட தசை அடுத்த இறக்கத்தில் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. பெரியவர்கள் ஐந்தாம் நாளில் தேறுவது இதனால்.

பிள்ளைகளின் கதை வேறு. 2018இல் பிரான்சில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களையும், பயிற்சியில்லாத பெரியவர்களையும், தேசிய அளவிலான நெடுந்தூர வீரர்களையும் மிதிவண்டியில் முழுமூச்சாக மிதிக்க வைத்தார்கள். சிறுவர்கள் பயிற்சியில்லாத பெரியவர்களைவிடக் குறைவாகக் களைத்தார்கள். இதயத்துடிப்பு தணிவதிலும் இரத்தத்திலிருந்து லாக்டேட் நீங்குவதிலும் வீரர்களுக்குச் சமமாகவோ அவர்களைவிட வேகமாகவோ மீண்டார்கள். அவர்களுடைய தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே பெரிதும் நம்பியிருப்பது இதற்குக் காரணம். சீக்கிரம் குளிரும் அதே உடல், சீக்கிரம் களைப்பாறவும் செய்கிறது. வரிசையின் முன்னால் நிறுத்தி, வேளாவேளைக்கு ஊட்டி, நனையாமல் காத்துவந்தால், ஆறாம் நாளில் குழுவின் திறமையான நடையாளர் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

ஆறாம் நாள் போய்ச்சேரும் நார்சிசஸ் குடிலில் ஒரு வயர்லெஸ் கருவி இருக்கிறது. அதில் பேசினால், பனியாறுகள் குடைந்து உருவாக்கிய, ஆஸ்திரேலியாவின் மிக ஆழமான செயின்ட் கிளேர் ஏரியின் குறுக்கே படகு வரும். சுமார் 160 மீட்டர் ஆழம். படகு வேண்டாம் என்றால் மேற்குக் கரைக்காட்டின் வழியே இன்னும் 17 கிலோமீட்டர் நடக்கலாம். பெற்றோர் படகுத்துறையில் காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, கரையோரமே போகலாமா என்று கேட்பது சின்னவர்கள்தான். அதற்கு ஒரு பகல் ஆகும். அவர்கள் பையில் ஸ்க்ரோகின் மிச்சம் இருந்தால் வழிகாட்டி நேரக் கணக்கைப் பார்க்கத் தொடங்குவார்.